ஸ்டைமி: வழியில் கிடந்த ஒரு பந்து

ஆங்கிலச் செய்திகளில் 'ஸ்டைமி' என்ற வினைச்சொல்லைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துகள்: எஸ், டி, ஒய், எம், ஐ, இ (stymie). அகராதியைப் புரட்டினால் 'தடு' என்று இருக்கும். எப்படிப்பட்ட தடுப்பு என்பது அதில் தெரியாது. கேரம் போர்டை எடுங்கள்.

படி 1: பாக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஒரு காயினை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே, நேர்கோட்டில், எதிராளியின் காயின். அதைத் தொடாமல் உங்கள் காயினைப் போடப் பாருங்கள். கை தயங்குகிறதா? அந்தத் தயக்கம்தான் ஸ்டைமி.

படி 2: இப்போது காயினைக் கோல்ஃப் பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டத்தில், உங்கள் பந்துக்கும் குழிக்கும் குறுக்கே எதிராளியின் பந்து கிடந்தால் அந்த நிலைக்குப் பெயர் ஸ்டைமி. பழைய விதி இது: இரண்டு பந்துகளுக்கும் இடைவெளி 6 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டுமே அவர் பந்தை எடுக்கச் சொல்ல முடிந்தது. இல்லாவிட்டால் வளைத்து உருட்டவேண்டியிருந்தது, அல்லது தாண்டி எகிறவைக்கவேண்டியிருந்தது. அநியாயம் என்று புலம்பியவர்கள் உண்டு. ஆட்டத்துக்கே உப்பு அதுதான் என்றவர்களும் உண்டு. 1952இல் இந்த விதியை நீக்கினார்கள். விதி போனது, சொல் தங்கிவிட்டது.

படி 3: வேரைப் பார்ப்போம். கோல்ஃப் பெயர்ச்சொல்லாக 1834இலும், வினையாக 1857இலும் பதிவு உண்டு. ஆட்டத்துக்கு வெளியே 'தடங்கல் செய்' என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் வருகிறது. அதற்கும் முந்தைய வேர் ஊகம்தான்: ஸ்காட்லாந்துப் பேச்சில் பார்வை மங்கியவரைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். குழி கண்ணுக்கு மறைவதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

படி 4: தமிழில் எப்படிச் சொல்வது? 'முட்டுக்கட்டை' உடனே நாக்கில் வரும். ஆனால் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையை ஒருவர் வேண்டுமென்றே போடுகிறார். ஸ்டைமிக்கு ஆள் வேண்டியதில்லை. மழையோ சாட்சி இல்லாமையோ போதும். அதனால், சாட்சி இல்லாமல் ஸ்டைமி ஆன விசாரணையைச் சொல்ல, 'சாட்சி கிடைக்காமல் விசாரணை முட்டிக்கொண்டு நிற்கிறது' என்பது எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு.

படி 5: இறந்தகாலம் 'ஸ்டைமீட்', கடைசியில் ஒரு டி (d) சேர்த்தால் போதும். 'இங்' சேர்க்கும்போது சிலர் ஐ, இ இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள், சிலர் அவற்றை எடுத்துவிட்டு ஒய் போடுகிறார்கள். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன.