கார் கூரையில் மடக்கு ஸ்கிரீன் மாட்டப் போகிறீர்களா? முதலில் ஒரு அட்டையை வெட்டுங்கள்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். செங்கல்பட்டு தாண்டுவதற்குள்ளேயே பின் சீட்டிலிருந்து "இன்னும் எவ்வளவு நேரம்பா" என்று ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் எங்கள் 2012 மாடல் இன்னோவாவில் கூரையிலிருந்து கீழே மடங்கி இறங்கும் வீடியோ ஸ்கிரீன் ஒன்றை மாட்டினேன். முதலில் ஒரு கடையில் கொடுத்து மாட்டினேன், அப்புறம் நானே கழற்றி மறுபடி மாட்டினேன். இரண்டாவது தடவை கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கடையில் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. மூன்றாவது மாதம் கயத்தாறு தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது ஸ்கிரீனின் முன்பக்கம் பிய்த்துக்கொண்டு வந்து, வயரைப் பிடித்துத் தொங்கியது. பிள்ளைகள் இருவரும் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்ததால் யார் தலையிலும் படவில்லை. ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பார்த்தேன். நான்கு ஸ்குரூவில் ஒன்றின் புரியில்கூட இரும்பைக் கடித்த அடையாளம் இல்லை, கூரை லைனிங்கின் (கூரையின் உள்பக்கத்தை மூடும், துணி போர்த்திய அட்டை) பஞ்சும் தவிட்டு நிறத் தூளும்தான் சுற்றியிருந்தது. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பொருள் வெறும் அழுத்திய நார் அட்டையில் தொங்கியபடி மூன்று மாதம் பிள்ளைகளுக்கு மேலே வந்திருக்கிறது. அதனால் இந்த வேலையில் படம் எவ்வளவு துல்லியம், ரிமோட் எப்படி என்பதெல்லாம் பிறகு. எதில் மாட்டுகிறோம், ஓட்டுபவர் பின்னால் பார்க்கும் நடுக் கண்ணாடியை மறைக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. எர்டிகாவில் முன் சீட்டுக்குப் பின்னால் கூரையில் ஏசி புளோயர் உட்கார்ந்திருக்கிறது, ஸ்கிரீன் வர வேண்டிய இடமே அதுதான். பனோரமிக் சன்ரூஃப் உள்ள வண்டியில் மாட்டுவதற்குக் கூரையே இல்லை. சின்ன ஹேட்ச்பேக்கில் தலை இடிக்கும். இந்த மூன்றுக்கும் சீட்டின் ஹெட்ரெஸ்டில் மாட்டும் ஸ்கிரீன்தான் சரி. கூரை ஸ்கிரீன் இன்னோவா போல மூன்று வரிசை உள்ள, கூரை உயரமான வண்டிகளுக்கானது. பெரிய ஸ்கிரீனே வேண்டும் என்று சிலர் கேட்பது பிஎம்டபிள்யூ 7 சீரிஸைப் பார்த்துவிட்டு. 2022-இல் வந்த அந்த மாடலில் 31.3 இன்ச் திரை கூரையிலிருந்து இறங்கும். ஆனால் அந்த வண்டியின் கூரையே அதற்காக வடிவமைக்கப்பட்டது. நாம் மாட்டுவது அப்படி யோசிக்காமல் செய்த கூரையில்.

சரி, அட்டைக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுத்து ஸ்கிரீன் அளவுக்கு வெட்டுங்கள். 10.1 இன்ச் என்றால் படம் மட்டும் சுமார் 22 சென்டிமீட்டர் அகலம், 12.5 உயரம். 13.3 இன்ச் என்றால் 29.5-க்கு 16.5. 15.6 இன்ச் என்றால் 34.5-க்கு 19.5. சுற்றியுள்ள சட்டத்துக்காக எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அட்டையை முன் சீட்டுகளுக்குக் கொஞ்சம் பின்னால், கூரையின் நடுவில், பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பால் தொங்கவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். வழக்கமாக ஓட்டும்போது எப்படிச் சாய்வீர்களோ அப்படியே சாய்ந்து நடுக் கண்ணாடியில் பாருங்கள். பின் கண்ணாடியின் மேல் விளிம்பு மட்டும் மறைந்தால் பரவாயில்லை. பின்னால் வரும் லாரியின் முகப்பே தெரியவில்லை என்றால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு ஆகாது, எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் சரி. எனக்கு 15.6 ஆசை இருந்தது. அட்டையைத் தொங்கவிட்டதும் பின் கண்ணாடியில் பாதி போய்விட்டது, 10.1-ஓடு நிறுத்திக்கொண்டேன். அட்டை தொங்கும்போதே வீட்டில் உயரமானவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள், நெற்றி எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வாங்கும்போது "1080 சப்போர்ட்" என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வீடியோவை அது ஏற்கும் என்பதுதான் அதன் பொருள், பேனலில், அதாவது படம் தெரியும் பலகையில், 1024-க்கு 600 புள்ளிகளோ 800-க்கு 480 புள்ளிகளோதான் இருக்கலாம். பேனலின் சொந்த ரெசல்யூஷன் என்ன என்று கேளுங்கள். ஐபிஎஸ் பேனலா, அதாவது சாய்ந்த கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகையா என்றும் கேளுங்கள். கூரை ஸ்கிரீனை எல்லோரும் கீழேயிருந்து, பக்கவாட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள், மலிவான டிஎன் பேனலில் அந்தக் கோணத்தில் நிறம் வெளுத்து முகங்கள் கருத்துவிடும். சென்னைக்காரர்கள் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் கடையில் ஓடும் ஸ்கிரீனை நேராக நின்று பார்க்காமல், குனிந்து கீழேயிருந்து பாருங்கள். அப்புறம் கீல். பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள், நடுவில் விட்ட கோணத்தில் அசையாமல் நிற்க வேண்டும், மூடியதும் 'டக்' என்று பூட்டு விழ வேண்டும். கீல் லூசாக இருந்தால் நம் ரோட்டில் ஸ்கிரீன் தானாகவே இறங்கிக்கொண்டு வரும்.

இனி கரண்ட். கார் 12 வோல்ட், பெரிய பஸ், லாரி என்றால் 24 வோல்ட், ஸ்கிரீன் எதற்கானது என்று பார்த்து வாங்குங்கள். 36 வாட் ஸ்கிரீன் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். வயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்கட்டும். கடைக்காரர்கள் பெரும்பாலும் செய்வது, பக்கத்திலேயே இருக்கிறதே என்று கூரை விளக்கிலிருந்து கரண்ட் எடுப்பது. அதைச் செய்யவிடாதீர்கள். கூரை விளக்குக்கு வரும் லைன் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும். ஸ்கிரீனை ரிமோட்டில் அணைத்தாலும் ஸ்டாண்ட்பையில் அது கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் 25. சாதாரண கார் பேட்டரியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும், ஊரிலிருந்து வந்து சாவியைத் திருப்பினால் 'கிளிக் கிளிக்' மட்டும்தான் கேட்கும்.

அதனால் ஏசிசி லைனில் எடுங்கள், அதாவது சாவியை ஒரு படி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைன். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மல்டிமீட்டரை வைத்து, சாவி இல்லாமல் 0, சாவி போட்டால் 12 காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வயரை வெட்டி முறுக்காமல் 'ஆட் எ ஃபியூஸ்' என்று விற்கும் சின்ன ஹோல்டரைச் செருகினால் கம்பெனி வயரிங்கைத் தொடவே வேண்டாம். ஃபியூஸ் நிறத்தையும் நினைவில் வையுங்கள்: 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 அடர் காபிக்கொட்டை நிறம், 10 சிவப்பு, 15 நீலம். எரிந்துபோனால் கிடைத்த ஃபியூஸைச் செருகுகிற பழக்கம்தான் வண்டியில் தீப்பிடிக்க வழி.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றிவிடுங்கள். ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் உடனே கை வைக்கக்கூடாது, டொயோட்டா கையேட்டில் 90 வினாடியாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பழைய இன்னோவாவில் ஏர்பேக் முன்னால் மட்டும்தான், அதனால் முன் கண்ணாடி ஓரத் தூணின் உறையைக் கழற்றி அதன் வழியாக வயரை மேலே ஏற்றினேன். இன்னோவா கிரிஸ்டாவின் இசட்எக்ஸ் மாடல் போல 7 ஏர்பேக் உள்ள வண்டிகளில் ஜன்னலுக்கு மேலே, கூரை ஓரம் முழுக்கத் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் குறுக்கே வயர் போனால் அது விரியும் நேரத்தில் வயர் தடுக்கும், உறையும் எகிறி வரும். அப்படிப்பட்ட வண்டி என்றால் நீங்களாகத் தொடாதீர்கள். ஏர்பேக்குக்குப் பின்னால், ஏற்கெனவே ஓடும் வயர் கட்டோடு சேர்த்துக் கட்டத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், கட்டி முடித்ததும் உறையை மூடும் முன் உங்கள் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

இனி மாட்டுவது. காரின் கூரைக்கு உள்ளே, இடமிருந்து வலமாக இரும்புக் குறுக்குப் பட்டைகள் ஓடும். கூரையின் மேல் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது, அதில் எதையும் மாட்ட முடியாது. குறுக்குப் பட்டைதான் நமக்கு வேண்டியது. கூரை விளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் பட்டை எங்கே இருக்கிறது, லைனிங்குக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, ஏசி டக்ட் எந்தப் பக்கம் போகிறது என்று எல்லாமே தெரியும். ஸ்கிரீன் வர வேண்டிய இடத்துக்கு நேராகப் பட்டை இருப்பது அபூர்வம். எனக்கு எட்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. ஆகவே 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வெட்டி, முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் பாலம் போல ரிவெட் நட் (ஓட்டையில் செருகி ஒரு பக்கமிருந்தே இறுக்கும் நட்) வைத்து முடுக்கினேன், ஸ்கிரீனின் அடிப்பகுதி அந்தத் தகட்டில் மாட்டியது. தகட்டை உள்ளே விட லைனிங்கின் முன்பக்கத்தை இறக்க வேண்டும், அதற்கு சன் வைசரும் கைப்பிடிகளும் கழற்ற வேண்டும். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் லைனிங்கை மடங்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை மடிப்பு விழுந்தால் கோடு போகாது.

ஸ்குரூ முடுக்கும்போது லைனிங் நசுங்கிக் குழி விழும். அதைத் தடுக்க இடைவெளியின் அளவுக்கே வெட்டிய நான்கு சின்ன பைப் துண்டுகளை புஷ் மாதிரி ஸ்குரூவில் கோத்துவிடுங்கள், இறுக்கம் முழுவதும் தகட்டில் போகும், லைனிங் தப்பிக்கும். ஸ்குரூவின் நீளத்தையும் கணக்குப் போட்டு வாங்குங்கள், நீளம் அதிகமானால் மேல் தகட்டை உள்ளிருந்து குத்தி வெளியே பொட்டுப் பொட்டாகப் புடைக்கும், மழையில் அங்கேதான் துரு தொடங்கும். டிரில் பிட்டின் முனையிலிருந்து எவ்வளவு உள்ளே போகலாமோ அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைக் கெட்டியாகச் சுற்றிவிட்டு ஓட்டை போடுங்கள். மாட்டி முடித்ததும் ஸ்கிரீனைப் பிடித்து, ஒரு குழந்தை தொங்கினால் எப்படி இழுக்குமோ அந்த அளவு கீழே இழுத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் கழற்றி மறுபடி. வயர்களை கிளாத் டேப்பால் சுற்றி விடுங்கள், இல்லாவிட்டால் கூரைக்குள் 'கடகட' சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

சத்தத்தைப் பொறுத்தவரை மூன்று வழி. காரின் ஸ்டீரியோவில் ஆக்ஸ் (வெளியிலிருந்து சத்தத்தைக் கொடுக்கும் துளை) இருந்தால் அதில் கொடுப்பது தெளிவு. இல்லையென்றால் ஸ்கிரீனில் இருக்கும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், சென்னைக்குள் அலைவரிசைகள் நெருக்கமாக இருப்பதால் கரகரக்கும், ஊர் தாண்டியதும் சரியாகும். நான் பிள்ளைகளுக்கு ஹெட்ஃபோன் கொடுத்துவிட்டேன். ஓட்டுகிறவர் காதில் நாலு மணி நேரம் கார்ட்டூன் வசனம் விழுந்தால் சோர்வு வருகிறது, பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரனும் தாமதமாகத்தான் கேட்கிறது. புளூடூத் ஹெட்ஃபோனில் உதடும் பேச்சும் பொருந்தாமல் போனால் அமைப்பில் ஆடியோ டிலே இருக்கிறதா என்று தேடுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'கீஈ' என்று ஏறும் சத்தம் வந்தால் அது ஆல்டர்னேட்டர் சத்தம், எர்த்தை ஸ்டீரியோவின் எர்த் இருக்கும் அதே இடத்தில் கொடுங்கள்.

படத்துக்கு பென் டிரைவ் போதும். ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை ஸ்கிரீன் படிக்கவில்லை என்றால் சத்தம் மட்டும் வரும், எச்.264-க்கு மாற்றிப் போடுங்கள். டிவியில் செருகுவது போன்ற எச்டிஎம்ஐ ஸ்டிக் வைப்பதென்றால் ஸ்கிரீனின் யூஎஸ்பி போர்ட்டில் மின்சாரம் போதாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகலாம், தனி சார்ஜரிலிருந்து கொடுங்கள். ஓடிடி ஆப்பில் டவுன்லோட் செய்த படத்தை போனிலிருந்து மிரர் செய்தால் பல சமயம் கறுப்புத் திரைதான் வரும், காப்புரிமைப் பூட்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் இரவே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

வாந்தி எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. கண் அசையாத படத்தைப் பார்க்கிறது, உள் காது வண்டி அசைவதைச் சொல்கிறது, இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல். மடியில் போனைக் குனிந்து பார்ப்பதைவிடக் கூரை ஸ்கிரீன் என் மகளுக்குத் தேவலாம், தலை நிமிர்ந்திருக்கிறது, ஓரக்கண்ணில் ரோடு தெரிகிறது. ஆனாலும் கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலை ஏறும்போது மூடிவிடுவேன். ஸ்கிரீன் அருகில் வேண்டும் என்று பெல்ட்டைக் கழற்றி முன்னால் நகர்ந்தாலும் அணைத்துவிடுவேன், இது இரண்டும் எங்கள் வண்டியில் பேசி வைத்த விதி.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ஸ்குரூவையும் ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள், எனக்கு ஒன்று கால் சுற்று உள்ளே போனது. அப்புறம் ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஒரு தடவை. வெயிலில் நிறுத்தும்போது ஸ்கிரீன் மடக்கியே இருக்கட்டும்.