லக்சம்பர்க்கில் மூன்று இலையுதிர்கால நாட்கள்

லக்சம்பர்க்கின் பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே அரை நாளில் அதைப் பார்த்து முடித்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். காடுகள் நிறம் மாறும் அக்டோபரில் செல்பவர்கள் முழுதாக மூன்று நாட்களாவது ஒதுக்க வேண்டும். அம்மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதன்பின் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே போய்வருவது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பல நாடுகளுக்குச் செல்வதாயின், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்; பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

தங்குமிடத்தை நாளுக்கொன்றாக மாற்றாமல் தலைநகரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் ஆகிய அனைத்தும் வெளிநாட்டவருக்கும் இலவசம் என்பதால், காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அன்றைய திசையை முடிவு செய்யலாம். முதல் வகுப்புக்கும், எல்லை தாண்டிச் செல்லும் பயணத்துக்கும் மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

மழையில்லாத நாளை முல்லர்தால் பகுதிக்கென வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ‘முல்லர்தால் டிரெயில்’ என்ற நடைபாதையின் மொத்த நீளம் 112 கிலோமீட்டர். முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. தலைநகரிலிருந்து பேருந்தில் எக்டர்னாக் நகருக்குச் சென்று, அங்கிருந்து ஓநாய்ப் பள்ளத்தாக்கு வரை நடந்தாலே போதும். இருபுறமும் செங்குத்தாக நிற்கும் மணற்பாறைகளுக்கு நடுவே படிகள் செல்கின்றன. பாறைகளில் பாசி படர்ந்திருக்க, படிகளில் பீச் மரத்தின் செம்பழுப்பு இலைகள் நனைந்து கிடக்கும். அவை எண்ணெய் போல வழுக்கும் என்பதால், அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் காலணி அவசியம்.

வியாண்டனுக்கு எட்டல்புரூக் வரை ரயிலிலும் பின்னர் பேருந்திலும் செல்ல வேண்டும். ஊர் நதிக்கரையிலும் கோட்டை மலைமேலும் உள்ளன. அக்டோபரின் இரண்டாம் ஞாயிறன்று அங்கே வால்நட் சந்தை கூடும். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள். மொசெல் நதிக்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்கு அரை நாள் போதும். 1985-இல் நாடுகளுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளை நீக்குவதற்கான உடன்படிக்கை கையெழுத்தான ஷெங்கன் கிராமம் அங்குதான் இருக்கிறது, விசாவுக்கு அலைந்தவர்கள் அதை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு வரலாம்!

மழை நாளில் தலைநகரின் போக் பாறையைக் குடைந்த சுரங்க அறைகளைப் பாருங்கள். சைவ உணவினர் கவனிக்க: சந்தைகளில் சூடாகக் கிடைக்கும் உருளைக்கிழங்கு அடையான குரோம்பரகிஷெல்ஷரில் இறைச்சி இல்லாவிட்டாலும் முட்டை சேர்ப்பது வழக்கம். பயணம் நவம்பர் 1 வரை நீண்டால், அது பொது விடுமுறை நாள் என்பதால், தேவையான உணவுப்பொருள்களை முந்தைய நாளே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.