சொந்தக் குட்டையின் மண்கரையை மழைக்கு முன் சீர்செய்யும் முறை

வேலூர் மாவட்டத்தில், ஒடுகத்தூர், அணைக்கட்டு போன்ற மலையடிவாரப் பகுதிகளில் சொந்த நிலத்தின் பள்ளத்தை மறித்து மண்கரை எழுப்பி, நீந்தவும் தூண்டில் போடவும் நீர் தேக்கி வைத்திருப்பவர்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் கரையை முழுவதுமாக நடந்து பார்த்துவிட வேண்டும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுமே கணக்கில் கொள்கிறது. இரண்டு ஆள் உயரக் கரையைச் சோதிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது.

குட்டை நிரம்பியதும் மிகுநீர் வழிந்து வெளியேறும் வாயான கோடியில் வேலையைத் தொடங்குங்கள். மண்கரையின் மேல் நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரிக்கப்பட்டு, சில மணி நேரத்திலேயே உடைப்பு ஏற்படக்கூடும். பொழுதுபோக்குக்கென்று வைத்திருக்கும் குட்டைகளில், கோடைவரை நீர் நிற்கட்டும் என்று கோடிவாயில் பலகையோ மணல் மூட்டையோ அடுக்குவதும், மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவதும் வழக்கமாகிவிடுகின்றன. வலையில் செத்தை சேர்ந்தால் அதுவும் நீரை மறிக்கும் ஒரு கதவுதான். இவற்றைத் தயங்காமல் அகற்றிவிடுங்கள். கோடி மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே மூன்றடி இருப்பது நல்லது. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயான டியூப் லெவலைக் கொண்டு கரை நெடுகிலும் அளந்து, அமர்ந்துபோன இடங்களில் புல்லைச் செதுக்கி, பழைய மண்ணைக் கொத்தி ஈரப்படுத்தி, களித்தன்மையுள்ள மண்ணை அரையடி அடுக்குகளாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் மண் முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

கரையில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் செடியாக இருக்கும்போதே பிடுங்குங்கள். வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், வேர் மக்கிய தடமே நீருக்கு வழியாகும். நீர் வற்றிய காலத்தில் வேரோடு தோண்டி, குழியை அடுக்கடுக்காக இறுக்குங்கள். எலி வளை, நண்டு வளைகளையும் அவ்வாறே மூட வேண்டும். அறுகம்புல் மட்டும் இருக்கட்டும். குளிக்க இறங்குபவர்களின் காலடித்தடம் மழையில் வாய்க்காலாகும் என்பதால், ஒரே இடத்தில் கல் படிகள் கட்டிவிடுங்கள்.

வெளிப்புற அடிவாரத்தில் கசிவு தெரிந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். தெளிந்த நீர் சீராகக் கசிந்தால் நாள்தோறும் பார்த்துவந்தால் போதும். அளவு கூடினாலோ நீர் கலங்கினாலோ கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது. அந்த வாயைக் களிமண்ணால் அடைப்பது பெருந்தவறு. அடைபட்ட நீர் அழுத்தம் கூடி வேறிடத்தில் கிளம்பும். கசிவின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, பிறகு பெரிய ஜல்லி எனப் பரப்பினால், நீர் வெளியேறும், மண் தங்கும். கூடவே மதகைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். உடனடி ஆபத்து இல்லாதபோது நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்க வேண்டாம். நனைந்து கனத்த உட்சரிவு, எதிரே தாங்கி நின்ற நீர் சட்டென இறங்கினால் சரிந்துவிடும். மதகு திறந்திருக்கையில் குழாய்வாய் ஆளை இழுக்கும் என்பதால் எவரையும் நீரில் இறங்க விடக்கூடாது.

பெருமழை இரவில் நீர் கரை உச்சியை நெருங்கினால், மூட்டை அடுக்குவதற்கு முன்பே கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, 1077 என்ற மாவட்ட அவசர எண்ணுக்குத் தெரிவியுங்கள்.