ஆயில் மாற்றப் போய் மரை போய்விட்டால்

சொந்தமாகக் கார் வேலை பார்க்கும்போது ஏதாவது உடைந்தால் முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். உடைந்தது அநேகமாகச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், பதற்றத்தில் அதைச் சரிசெய்யப் போய் நாம் செய்கிற அடுத்த சேதம்தான் பர்ஸைக் காலி செய்யும்.

அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் ட்ரெயின் பிளக், அதாவது பழைய ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் கழற்றுகிற போல்ட். இறுகி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் லேசாகச் சுற்றிக்கொண்டே போகிறதென்றால் மரை (திருகு வரிகள்) போய்விட்டது, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போமே என்று ஆரம்பிக்காதீர்கள். கழற்றிப் பாருங்கள். பிளக்கின் மரையில் வெள்ளை உலோகம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அது சம்பின் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அலுமினியம், போனது பிளக்கின் மரை இல்லை, சம்பு ஓட்டையின் மரை. பிளக் மட்டும் தேய்ந்திருந்தால் அதிர்ஷ்டம்தான், அதே அளவில் புது பிளக்கும் புது வாஷரும் போட்டால் வேலை முடிந்தது. அளவில் மட்டும் கவனம்: எம்12 (12 மி.மீ. விட்டம்) என்று கேட்டால் போதாது, அதிலேயே 1.25, 1.5, 1.75 மி.மீ. என்று பிட்ச், அதாவது மரைகளுக்கு நடுவே உள்ள தூரம், வேறுபடும். கையால் இரண்டு மூன்று சுற்று ஏறி அப்புறம் சிக்கினால் பிட்ச் தப்பு, ஸ்பேனரை வைக்காதீர்கள்.

சம்பின் மரையே போயிருந்தால், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய சைஸ் பிளக் ஒன்று கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, கோணலாக ஏறினால் வாஷர் ஒரு பக்கம் உட்காராமல் ஒழுகும். ஓட்டையைப் பெரிதாக்கி, டேப்பால் (மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, உள்ளே மரையுள்ள உலோகச் செருகலான இன்சர்ட் போடுவதே உருப்படியான வழி. கம்பிச் சுருள் வகை இன்சர்ட்டான ஹெலிகாயிலும் ஓடும், ஆனால் அதன் அடியில் உடைத்து எடுக்க வேண்டிய சின்ன வால் ஒன்று இருக்கிறது, அது சம்புக்குள் விழுந்தால் தலைவலி, அதனால் அடிக்கடி கழற்றி மாட்டுகிற இந்த இடத்துக்குக் கெட்டியான குழாய் வடிவ (bush) இன்சர்ட்டே மேல். சம்பைக் கழற்ற முடிந்தால் கழற்றியே செய்யுங்கள். முடியாவிட்டால் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொள்ளுங்கள், துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப கிரீஸ். இன்சர்ட்டின் விளிம்பு சம்பின் பரப்பைவிடத் துளி உள்ளே இருக்க வேண்டும், வெளியே நீட்டினால் வாஷர் படியாது. பிளக்கை மூடுவதற்கு முன் மேலிருந்து கொஞ்சம் ஆயிலை ஊற்றி, மிச்சத் துகளோடு வெளியே ஓடவிடுங்கள். அப்புறம் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், மேனுவலில் போட்டிருக்கிற அளவு. கை பலத்தால்தான் முதல் மரையே போயிருக்கும்.

போல்ட் முறிந்தால் எப்படி முறிந்தது என்று பாருங்கள். இறுக்கும்போது தலை போனதென்றால் உள்ளே இருக்கும் துண்டு பெரும்பாலும் தளர்வாகவே கிடக்கும், கூர்மையான ஊசியால் ஓரத்தைத் தள்ளித் தள்ளியே வெளியே சுழற்றிவிடலாம். கழற்றும்போது துருவால் முறிந்தது அப்படி வராது. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துரு இளக்கும் ஆயில் அடித்து, நன்றாக ஊறவிட்டு, வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) முன்னும் பின்னும் அசையுங்கள். பரப்போடு பரப்பாக முறிந்திருந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து இடது சுற்று ட்ரில் பிட்டால் துளையுங்கள், பாதித் துளையிலேயே துண்டு தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. துளைக்குள் திருகி முறிந்த துண்டை வெளியே எடுக்கும் ஈஸி அவுட்டைக் கடைசியாக எடுங்கள். அது கடினமான எஃகு, உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதில் ஏறாது, அப்புறம் பட்டறைதான்.

போல்ட் தலை உருண்டுவிட்டால் பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு, இறுக்கமான ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள். வழக்கமான பிரேக் ஆயில் ரகங்களான டாட் 3, டாட் 4 இரண்டும் தண்ணீரில் கரையும், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஸ்பார்க் பிளக் மரை போனால் ஆசைப்படாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள், துகள் நேராக சிலிண்டருக்குள் போகும் இடம் அது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இவற்றில் ஒட்டுவேலையே வேண்டாம், பாகத்தையே மாற்றுங்கள்.

ட்ரெயின் பிளக் வேலை முடிந்ததும் சரியான அளவு ஆயில் ஊற்றி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெறும் ஜாக்கை நம்பி உள்ளே போகாமல் ஸ்டாண்ட் போட்டுக்கொண்டு. சின்ன ஓட்டம் ஒன்று போய் வந்து, இன்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.