கடலை முதலில் பாருங்கள்: குடும்பத்தோடு வெளிநாட்டுக் கோடைப் பயணம் திட்டமிடுவது எப்படி

எங்கள் முதல் வெளிநாட்டுக் குடும்பப் பயணம் தாய்லாந்தின் ஃபூகெட்டுக்கு, ஒரு ஜூலை மாதம். நான்கு நாளும் கடற்கரையில் சிவப்புக் கொடி, அதாவது கடலில் இறங்கக் கூடாது. சின்னவன் பிளாஸ்டிக் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கும் சிவப்புதானாப்பா?" என்று தினமும் காலையில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று குஷியாக வாங்கியது நான்தான், ஏன் மலிவு என்று யோசிக்கவே இல்லை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும், அலை முரடாக இருக்கும். அதே ஜூலையில், அதே நாட்டின் கிழக்குப் பக்க வளைகுடாவில் இருக்கும் கோ சமுயி தீவுக்குப் போயிருந்தால் பையன் ஆசை தீரக் கடலில் ஆடியிருப்பான்.

அதன்பிறகு திட்டமிடும் வரிசையையே தலைகீழாக்கிவிட்டேன். பெரும்பாலும் எல்லோரும் முதலில் ஊரை முடிவு செய்து, டிக்கெட் போட்டு, கடைசியில்தான் "பக்கத்துல பீச் ஏதாவது இருக்கா?" என்று தேடுவார்கள். ஊர் மழையிலும் ஊர்தான், குடை பிடித்துக்கொண்டு கோட்டையைப் பார்க்கலாம், ரொம்பக் கொட்டினால் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளலாம். கடலிடம் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. அதனால் கடல் முதலில், ஊர் அப்புறம். முதல்முறை போகிறவர்களுக்காக அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: மாதத்தை வைத்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். பிள்ளைகளின் விடுமுறை எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த மாதத்தில் எந்தக் கரை அமைதியாக இருக்கும் என்று மட்டும் தேடுங்கள். நாட்டின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், கரையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இலங்கையை எடுத்துக்கொண்டால் மே முதல் செப்டம்பர் வரை பெந்தோட்டை, மிரிஸ்ஸ இருக்கும் தென்மேற்குப் பக்கம் கொந்தளிக்கும், ஆனால் அதே நாட்களில் கிழக்கே திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி குளம்போலக் கிடக்கும். மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளும் கிழக்குப் பக்கம்தான், அங்கே வடகிழக்குப் பருவமழை நவம்பரில்தான் தொடங்கும் என்பதால் ஜூன், ஜூலையில் தைரியமாகப் போகலாம். பாலியில் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வறண்ட காலம்.

விடுமுறை ஏப்ரலில் என்றால் கணக்கு மாறும். அப்போது மத்தியதரைக் கடலில் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும், பெரியவர்கள் காலை நனைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் சுகமாக இருக்கும், ஆனால் ஊருக்குள் வெயில் கொளுத்தும். 2023, 2024 கோடைகளில் ஏதென்ஸில் வெப்ப அலை அடித்தபோது குன்றின்மேல் இருக்கும் பழங்கால அக்ரோபோலிஸையே நண்பகல் நேரங்களில் மூடி வைத்தார்கள். கரீபியன் பக்கம் போகிறவர்கள் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதையும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அது உச்சத்தில் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையைப் பிடித்தாயிற்றா, அடுத்து அங்கே போய்வந்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். ஓட்டல்காரர்கள் போட்டிருக்கும் படங்களைச் சொல்லவில்லை, அவை எப்போதும் நல்ல நாளில் எடுத்தவை. பயணிகளின் விமர்சனங்களில் நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் படியுங்கள். மணலா கூழாங்கல்லா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரை முழுக்கக் கூழாங்கல், குரோஷியாவிலும் பல இடங்களில் அப்படித்தான். வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைக்கும் மணல் வீடு கட்ட வந்த குழந்தைக்கும் அது பெரிய ஏமாற்றம்.

படி 2: அந்தக் கடலுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கடலும் ஊரும் சாலையிலோ ரயிலிலோ படகிலோ மூன்று மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு விமானம் ஏற வேண்டியிருந்தால் அந்த இணை வேண்டாம், ஏனென்றால் ஓட்டலைக் காலி செய்து, விமான நிலையம் போய்க் காத்திருந்து, இறங்கி, மறுபடி அறை கிடைக்கும்வரை வரவேற்பறையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்து என்று ஒரு முழு நாள் ஆவியாகிவிடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நடு வியட்நாம். டா நாங்கில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டரில் ஹோய் ஆன், 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக ஊர். அதன் பழைய தெருக்களிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் ஆன் பாங் கடற்கரை, சைக்கிளிலேயே போய்விடலாம். இன்னொரு பக்கம் சுமார் 40 கிலோமீட்டரில் மி சன், அங்கே முன்பு ஆண்ட சம்பா அரசர்கள் செங்கல்லில் எழுப்பிய சிவன் கோயில்களின் தொகுதி. காலையில் கோயில், மாலையில் கடல், இரவில் காகித விளக்குகள் எரியும் தெரு, அத்தனையும் ஒரே அறையில் தங்கிக்கொண்டே. பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பொதுவாக வறண்டிருக்கும், அக்டோபர் பக்கம் மழையும் வெள்ளமும் வரும்.

இலங்கையில் சிகிரியா பாறைக்கோட்டையைப் பார்த்துவிட்டுச் சுமார் 100 கிலோமீட்டரில் திருகோணமலை. கிரீஸ் என்றால் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏகினா தீவுக்கு வேகப் படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பார்சிலோனாவில் ஊருக்குள்ளேயே கடற்கரை உண்டு, கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். லிஸ்பனிலிருந்து கஷ்கைஷ் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள், ஆனால் அது அட்லாண்டிக், ஆகஸ்டிலும் பல் கிட்டும்.

படி 3: இரவுகளைக் கட்டம் போட்டு எழுதுங்கள்

கைப்பேசியில் வேண்டாம், தாளில் வரையுங்கள். எட்டு இரவு என்றால் எட்டுக் கட்டம். பகலை எண்ணாமல் இரவை எண்ணினால் கணக்கு பிசகாது, "ஒன்பது நாள்" என்று சொல்லிக்கொள்வதில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்கே போய்விடும். எட்டுக் கட்டத்தில் ஊருக்கு மூன்றரை, கடலுக்கு நாலரை என்றெல்லாம் பிரிக்காதீர்கள், நான்கு நான்கு போதும். தங்குமிடம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது ஊர் ஒன்றைச் சேர்க்கலாமா என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள் (எங்கள் வீட்டில் அது நான்தான்), அதற்குச் செலவாகும் ஒரு பகலைக் கட்டத்தில் கறுப்பாக்கிக் காட்டுங்கள், அடங்கிவிடுவார்கள்.

திட்டமிடும்போது கடல் முதலில் என்றாலும், போகும்போது ஊர் முதலில், கடல் பிறகு. ஒருமுறை கடலைப் பார்த்துவிட்ட பிள்ளையை மறுநாள் தூண்களையும் கல்வெட்டுகளையும் பார்க்கக் கூப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். ஒரே விதிவிலக்கு, கடைசித் தங்கல் ஒரு தீவு என்றால் கடைசி இரவு மட்டும் விமான நிலையம் இருக்கும் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்று ஒரு வடக்குக் காற்று கிளம்பும், அது பலமாக அடிக்கும் நாளில் படகுகளையே நிறுத்திவிடுவார்கள். உங்களுக்காக விமானம் காத்திருக்காது.

படி 4: பாஸ்போர்ட்டும் விசாவும்

கட்டம் முடிந்ததும், டிக்கெட் போடுவதற்கு முன், எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வைத்துத் தேதி பாருங்கள். பெரியவர்களுடையது பத்தாண்டு ஓடும், சிறுவர்களுடையது பல நாடுகளில் ஐந்தாண்டுதான், மாட்டுவது எப்போதும் அதுதான். பல நாடுகள் ஆறு மாதம் செல்லுபடி கேட்கும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய நாடுகளின் கூட்டம்) நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமும், பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கும்.

ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். கோடைக்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பாடு, அதனால் கடைசி மாதம்வரை தள்ளாதீர்கள். அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதாக இருந்தால் மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லையில் கேட்கக்கூடும்.

படி 5: விமானம், அறை

விமான இணையதளங்களில் மல்டி சிட்டி என்று ஒரு தேர்வு இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரிலிருந்து திரும்புவது சிலசமயம் அதே விலைக்கே கிடைக்கும், வந்த வழியே திரும்பும் ஒரு பகல் மிச்சம். இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் உங்கள் பாடு.

கடற்கரை அறைக்கு வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். "கடலுக்கு 200 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள், அந்த 200 மீட்டருக்கு நடுவில் நான்கு வழிச்சாலை ஓடும். "பகுதிக் கடல் காட்சி" என்றால் பால்கனியிலிருந்து கழுத்தை நீட்டினால் ஒரு நீலக் கீற்று தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காட்சியைவிடக் கீழ்த்தளத்து அறை மேல், மணல் காலோடு மின்தூக்கியில் ஏற வேண்டாம். ஊருக்குள் அறை எடுக்கும்போது குளிர்சாதனம் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் அது கட்டாயம் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

பணம் கட்டிய அன்றே பயணக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்தால், அதற்கு முன் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் பயணம் ரத்தானபோது அது உதவாது.

படி 6: ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று

ஊரில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு பெரிய இடத்தை எழுதுங்கள். காலை எட்டு மணிக்கு வாசலில் நில்லுங்கள், பதினோரு மணிக்கு வெளியே வாருங்கள், நண்பகல் வெயிலை அறையில் தூங்கிக் கழியுங்கள், ஐந்து மணிக்குமேல் கால் போன போக்கில் நடங்கள். சோம்பேறித் திட்டம்போலத் தோன்றும், ஆனால் ஏழு வயதுக் குழந்தை மூன்றாவது தேவாலயத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அக்ரோபோலிஸ், பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயம் போன்ற இடங்களில் நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. தேவாலயங்கள், கோயில்கள், மசூதிகள் பலவற்றில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும்.

படி 7: பெட்டி

கைப்பெட்டியில் ஆளுக்கு ஒரு நீச்சல் உடை. பெரிய பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் கடல் தாமதமாகாது. பவர் பேங்க் கைப்பெட்டியில்தான் போக வேண்டும், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பெரிய பெட்டியில். பவளப்பாறைகளைக் கெடுக்கும் சன்ஸ்கிரீன்களுக்குப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-இலும், ஹவாயும் தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களும் 2021-இலும் தடை போட்டுவிட்டன, ஆகவே வாங்கும்போது புட்டியின் பின்னால் ஆக்ஸிபென்சோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். பணத்துக்கு ஒரு விஷயம்தான்: அட்டை தேய்க்கும் இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே அமுக்குங்கள்.

படி 8: கரையில்

முதல் நாள் தண்ணீரில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரிகிறதா? புதிதாக வருபவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று பிள்ளையை அங்கேதான் இறக்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது, ரிப் கரண்ட். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள், மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியேறி, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர் கண் வைத்திருப்பார், அங்கேயே இறங்குங்கள். சிவப்பு மட்டும் என்றால் வாளியோடு மணலிலேயே இருந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கைப்பேசி பையில். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் மறுபடி தடவுங்கள்.

கடைசிக் குளியலைக் கிளம்பும் நாள் காலையில் வைக்காமல் முந்தின நாள் மாலையோடு முடித்துக்கொள்ளுங்கள், ஈரத் துணி நான்கு பேருடையது சேர்ந்தால் பெட்டியின் எடை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். வாளியை மூட்டை கட்ட வேண்டாம், கரையில் புதிதாக வந்து இறங்கியிருக்கும் ஏதாவதொரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.