பூட்டு திறக்கப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் சாவி இல்லாமல், சின்னக் கருவிகளால் பூட்டைத் திறக்கப் பழகத் தொடங்குகிறவரை முதலில் இழுப்பது பழைய பூட்டுதான். சாவி தொலைந்து உள்ளறையில் தொங்குவதோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கியதோ, ஏதாவது ஒன்று கையில் கிடைத்ததும் கருவியை நுழைத்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தொடக்கநிலைக் கருவிகளான, உருளையைத் திருப்பும் டென்ஷன் ரெஞ்ச், நுனி வளைந்த ஹூக், அலை அலையான ரேக் மூன்றும் பின் பூட்டுக்காகச் செய்தவை. லைனஸ் யேல் 1861-இல் காப்புரிமை பெற்ற வகை அது: சாவி நுழையும் உருளையை, ஸ்பிரிங் அழுத்தும் சின்ன ஊசிகள் (பின்கள்) சுழலவிடாமல் பிடித்திருக்கும். திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டுகளோ பெரும்பாலும் லிவர் பூட்டுகள். உள்ளே அடுக்கியிருக்கும் தகடு ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் தாழ் நகரும். சாவியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: தட்டையாக, ஓரத்தில் பல் வெட்டியிருந்தால் பின் பூட்டு, தண்டின் நுனியில் கொடி போலத் தகடு நீட்டியிருந்தால் பெரும்பாலும் லிவர். லிவர் பூட்டில் ஹூக்கை வைத்து நெம்பினால் தகடு வளையும். கைவேலைப் பூட்டுக்கு மாற்று உதிரி எங்கே தேடுவது? கண்டாங்கிச் சேலையோடு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. சாவி இல்லையென்றால் சாவி செய்கிறவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று, பெரிய வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குள் பிரிந்தவை. நம் வீடுதானே என்று பெரியப்பா வீட்டு அறைப் பூட்டில் பழகக் கூடாது. சொந்தப் பூட்டு, இல்லையென்றால் உடையவர் வாய்விட்டுச் சம்மதித்த பூட்டு. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

சரி, கடையில் ஒரு சாதாரண பின் பூட்டு வாங்கியாயிற்று. இனி கெடுப்பது கைப்பலம்தான். ரெஞ்சை அழுத்தித் திருப்பினால் உருளை சுழன்றுவிடும் என்று தோன்றும். உண்மையில் பின்கள் எல்லாம் ஒன்றாக இறுகி, எது முதலில் பிடிக்கிறது என்றே விரலுக்குத் தெரியாமல் போகும். பின்கள் நிற்கும் துளைகள் நேர்கோட்டிலிருந்து மயிரிழை விலகியிருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு பின்தான் இறுக வேண்டும். அதைத் தேடி மெல்ல உயர்த்தினால் சின்ன 'டிக்', உருளையில் துளி அசைவு. அப்புறம் அடுத்தது. முன்னிருந்து பின்னாக வரிசையாகத்தான் இறுகும் என்று நினைப்பதும் தவறு. வரிசை பூட்டுக்குப் பூட்டு மாறும். ரெஞ்சில் வைக்கும் அழுத்தம், பழுத்த வாழைப்பழத்தைத் தோல் கன்றாமல் தொட்டுப் பார்க்கிற அளவு போதும். நீண்ட நேரம் எதுவும் நகராவிட்டால் ஏதோ ஒரு பின் அளவுக்கு மேல் ஏறியிருக்கலாம். கூடுதலாக அழுத்தாதீர்கள். ரெஞ்சை மெல்லத் தளர்த்தி, பின்கள் கீழே விழுவதைக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ரேக்கை முன்னும் பின்னும் இழுத்து மலிவுப் பூட்டு சட்டென்று திறந்துகொண்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கை எதையும் கற்றுக்கொள்வதில்லை. உள்ளே தெரியும் கண்ணாடிப் பூட்டும் அப்படித்தான்: அமைப்பைப் புரிந்துகொள்ள நல்லது, பழக உதவாது. கண் முந்திக்கொண்டால் விரல் கவனிக்காது.

தினமும் புழங்கும் வாசல் பூட்டில் பழகவே கூடாது. ஹூக்கின் நுனி உள்ளே ஒடிந்தாலோ பின் சிக்கினாலோ சாவி இருந்தும் வெளியில் நிற்க வேண்டிவரும். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண் தூசி அதில் ஒட்டிப் பிசுக்காகி, ஸ்பிரிங்குகளை அசையவிடாது. பின் பூட்டுக்குக் கிராஃபைட் தூள் கொஞ்சம் போட்டு, அதன் சாவியையே சில தடவை உள்ளே விட்டு எடுத்தால் போதும்.