பிரெஞ்சுப் பிரபுக்களின் பெயரில் சாஸும் மாளிகையும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சுச் சமையலைப் பற்றி எழுதும் பலரும் செய்கிற முதல் தவறு, உணவின் பெயரில் இருக்கும் பிரபுவை அதைக் கண்டுபிடித்தவர் ஆக்கிவிடுவது. பெஷமெல் சாஸுக்குப் பெயர் தந்த லூயி த பெஷமெய், நுவான்தெல் ஊரின் மார்க்கி; மார்க்கி என்பது ஒரு பிரபுப் பட்டம். நிதித் துறையில் வளர்ந்து 14ஆம் லூயியின் விருந்து மேசையை நிர்வகிக்கும் பதவிக்கு வந்தவர். அவர் அடுப்படியில் நின்று கரண்டி பிடித்தவர் அல்ல. அந்தக் காலத்தில் சமையல்காரர்கள் தங்கள் பக்குவங்களுக்கு முதலாளியின் பெயரையோ பெரிய மனிதர் ஒருவரின் பெயரையோ வைப்பது வழக்கம். அது ஒரு காணிக்கை, அவ்வளவுதான்.

இதிலேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. வெண்ணெயையும் மாவையும் சம எடையில் போட்டு, நிறம் மாறாமல் வதக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுகிறோமே, இந்த பெஷமெலைத்தான் அரசர் 14ஆம் லூயியும் சாப்பிட்டார் என்று நினைத்துக்கொள்வது. 19ஆம் நூற்றாண்டின் பெரிய சமையல் கலைஞர் கரேம் செய்த பெஷமெலில் இறைச்சிச் சாறு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்கோஃபியே எழுதிய குறிப்பில்கூடக் கன்றிறைச்சி வருகிறது. பெயர் பழையதாக இருக்கலாம்; சட்டியில் இருப்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சமைத்தவரின் பெயரும் நமக்குத் தெரிய வருவது அபூர்வம். யூக்ஸெல் மார்க்கியின் வீட்டில் சமைத்த லா வரென் அப்படி ஒருவர். 1651இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல் பிரெஞ்சுச் சமையலையே திசைதிருப்பியது. ஆனால் காளானையும் சின்ன வெங்காயத்தையும் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கும் பக்குவத்துக்கு நிலைத்த பெயர் ‘த்யூக்ஸெல்’. மார்க்கியின் பெயர் உலகமெங்கும் அடுப்படிகளில் புழங்குகிறது. லா வரென் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? மார்க்கியைப் பற்றி ஒரு வரி எழுதுகிறவர்கள் லா வரெனுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது, பட்டத்தைத் தனிமனிதரின் பெயராக எடுத்துக்கொள்வது. பட்டம் பெரும்பாலும் ஒரு நிலத்தைச் சேர்ந்தது. தகப்பனுக்குப் பின் மகன், பேரன் என்று கைமாறும். புதுச்சேரி புஸ்ஸி வீதிக்குப் பெயர் தந்த தளபதியும் புஸ்ஸி-கஸ்தெல்னோ மார்க்கிதான். அவருடைய குடும்பப் பெயர் பாத்திசியே.

இதனால் வரும் குழப்பத்துக்கு ரோஹான் குடும்பத்தின் ‘சூபீஸ் இளவரசர்’ என்ற பட்டம் நல்ல உதாரணம். பாரிஸின் மாரே பகுதியில் இருக்கும் சூபீஸ் மாளிகையை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலமேர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டியவர் ஃபிரான்சுவா த ரோஹான். பொன்முலாம் பூசிய சித்திர வேலையும் மூலை தெரியாமல் வளைந்து கூரையில் கலக்கும் சுவர்களும் கொண்ட முட்டை வடிவ அறைகள், 1730களில் அவர் மகன் காலத்தில் போஃப்ரான் அமைத்தவை. சூபீஸ் என்றே அழைக்கப்படும் வெங்காய சாஸோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரபு இவர்கள் இருவருமே அல்ல. அவர் சார்ல், ஃபிரான்சுவாவின் கொள்ளுப்பேரன். 1757இல் ரோஸ்பாக் போரில் பிரஷ்ய அரசர் ஃபிரெடரிக்கிடம் தோற்ற தளபதி. மூவரையும் ஒரே ஆளாக்கி எழுதினால் எண்பது வருஷ வரலாறு குழம்பிப்போகும். அந்த மாளிகை 1808 முதல் தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கிறது.

வத்தேலைச் சமையல்காரர் என்று எழுதுவதும் தவறு. அவர் முதலில் நிதி அமைச்சர் ஃபூக்கேயிடமும், பிறகு ஷாந்தியி கோட்டையில் கோந்தே இளவரசரிடமும் விருந்து நிர்வாகியாக இருந்தவர். 1671 ஏப்ரலில் அரசர் வந்திருந்தபோது மீன் வந்து சேரத் தாமதமானதும் உயிரை மாய்த்துக்கொண்டார். ஷாந்தியி கிரீமையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அடித்து நுரைத்த பாலேடு அவருக்கு முன்பே இருந்தது, ஷாந்தியியோடு சேர்ந்த அதன் புகழ் அவருக்குப் பின்னால் வந்தது.

கட்டடங்களில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது, பழைய பண்ணை மாளிகைகளின் பக்கத்தில் நிற்கும் வட்டக் கோபுரம். பலர் காவல் கோபுரம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஜோடிப் புறாவுக்கு. நடுவில் நிற்கும் தூணோடு சேர்ந்து சுழலும் ஏணி. அதில் ஏறி முட்டையும் குஞ்சும் எடுப்பார்கள். நார்மண்டி போன்ற பகுதிகளில் இப்படித் தனிக் கோபுரம் எழுப்பும் உரிமை நிலப்பிரபுவுக்குத்தான். புறாக்கள் போய் மேய்ந்ததோ குடியானவர்களின் வயலில். விதைத்த தானியத்தைப் பறிகொடுத்தவர்கள் எதுவும் செய்ய முடியாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு ஒழிக்கப்பட்ட சலுகைகளில் இந்தப் புறா உரிமையும் ஒன்று. அதனால் அந்தக் கோபுரத்தை அழகுக்காகக் கட்டியது என்று விவரிப்பது எனக்குச் சம்மதமில்லை.

சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயருக்கு நடுவில் ‘த’ (de) என்ற சொல் இருந்தாலே பிரபு வம்சம் என்று முடிவு கட்ட முடியாது. போர்தோ ஒயின் பாட்டிலில் ‘ஷத்தோ’ (கோட்டை, மாளிகை) என்று போட்டிருந்தால் அது திராட்சைத் தோட்டத்தின் பெயர். அங்கே பிரபு ஒருவர் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கடைசியாக, பட்டங்கள் புரட்சியோடு போய்விட்டன என்பது. 1790 ஜூனில் ஒழித்தார்கள், சரி. ஆனால் 1808இல் நெப்போலியன் புதுப் பட்டங்களை உருவாக்கினார். 1814இல் பழையவையும் திரும்பின. 1848இல் மறுபடி நீக்கி 1852இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இன்றும் வாரிசுகள் நீதி அமைச்சகத்தில் விண்ணப்பித்துப் பட்டத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பெயரோடு ஒட்டிக்கொள்வதைத் தவிர அதனால் எந்தச் சலுகையும் கிடைக்காது.